எட்டுக்கு ஆறு

கொழிஞ்சாம்பாறையில் கோழிக்கடையை ஒட்டியது என் கடை.
ஃப்ளெக்ஸ், விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை,
இரண்டு மொழியிலும்.
மூன்று மணி வெயிலில் பைக்கை நிழலுக்குத் தள்ளிவிட்டு
ஜெபினும் மயிலானந்தும் வந்தார்கள்.
செவன்ஸ் ஃபைனல், சனிக்கிழமை ராத்திரி.
பேனர் எட்டுக்கு ஆறு.
வாசகம் வாட்ஸப்பில் வந்து விழுந்தது:

அடிபொலி பாய்ஸ்
நாங்க வந்து
சீன் தீந்து

கோயம்புத்தூரில் ஒரு நோட்ஸ் கம்பெனிக்கு
ஏழு வருஷம் மெய்ப்புப் பார்த்த கண் இது.
சும்மா இருக்குமா.
பொலி என்றால் களத்தில் குவித்த நெல், தம்பி.
நீங்கள் சொல்வது பொளி.
அம்மி பொளிகிற பொளி, அடித்து உடைக்கிற பொளி.
ஜெபின் சொன்னான்:
நெல்லா? அதுவும் பொளிதான், அக்கா.
அவன் சொன்னது எந்த எழுத்தென்று
காதுக்குப் பிடிபடவில்லை.

அப்புறம் அந்த 'வந்து'.
அப்படியே நிறுத்தினால்
எதையோ சொல்ல வாயெடுத்து
முழுங்கினது போல இருக்கிறது.
மயிலானந்த் ஃபோனிலிருந்து கண்ணெடுக்கவில்லை:
திருத்தினா, அக்கா, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி ஆயிடும்.

வேலந்தாவளம் செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம்
வினைமுற்று ஆளைக் கேட்கும்:
வந்தது நீயா, நானா, அவளா, பெரியவரா.
இந்தப் பக்கம் கேட்பதில்லை.
யார் வந்தாலும் வந்நு, போ.
பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.
தினமும் அதற்குள்
ஏன், ஓம், ஆள், ஆர் எல்லாவற்றையும்
எடுத்து மாட்டிக்கொண்டுதான் இறங்குவேன்,
முக்காட்டைச் சரிசெய்வது போல.
இருந்தும் முதல் நாளே அகப்பட்டேன்.
'டீ குடிச்சாச்சு, கேட்டோ' என்றேன்.
மேனேஜர் முதல் பைண்டிங் பையன் வரை
ஏழு வருஷமும் என் பேர் கேட்டோ.
கேட்டோ, ஃபார்ம் வந்துச்சா?
கேட்டோ, உங்க ஊர்ல இலக்கணம் கிலோ என்ன விலை?

இப்போது அதே கோயம்புத்தூரில்
காலேஜ் பசங்கள் வாய்ஸ் நோட்டுக் கடைசியில்
கேட்டோ வைக்கிறார்கள்.
என் நாத்தனார் மகன் போட்டுக் காட்டினான்.
பீளமேட்டுக் குரல்:
'நாளைக்கு லேப் இல்ல, கேட்டோ.'
நான் வாங்கிய அடியை
அவன் சென்ட் மாதிரி அடித்துக்கொண்டு திரிகிறான்.
எத்தனை வாசம்.

ராத்திரி மெஷின் சூடானதும்
கை நிற்கவில்லை.
லியை ளி ஆக்கினேன்.
வந்துவை வந்தோம் ஆக்கினேன்.
தீந்துவைத் தீர்ந்தது என்று முழுசாகத் தீர்த்தேன்.
எட்டுக்கு ஆறில் ஒரு பிழை கிடையாது.
மை காய்ந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்தினேன்.

காலையில் ஜெபின் விரித்தான்.
கத்துவான் என்று காத்திருந்தேன்.
கத்தவில்லை.
தரையில் குந்தி இன்னொரு தரம் படித்தான்.
'இது வேற ஏதோ டீம் மாதிரி இருக்கு, அக்கா.
நாங்க இப்படி இல்லல்ல.'

நாங்க இப்படி இல்லல்ல.
ஏழு வருஷத்தில் ஒருத்தரிடம்,
அந்த பைண்டிங் பையனிடமாவது,
இந்த மூன்று வார்த்தையை நான் சொல்லியிருக்கலாம்.

சதுர அடி பன்னிரண்டு;
ஐந்நூற்று எழுபத்தாறு என் தலையில்.
மறுபடி அடித்தேன், அவர்கள் அனுப்பினது அனுப்பினபடி.
திருத்தின பேனரைக் கோழிக்கடை அப்பாஸ்
கேட்டு வாங்கிக் கூண்டுக்கு மேலே கட்டிக்கொண்டார்.
'நாங்கள் வந்தோம்' என்ற நிழலில்
நாற்பது பிராய்லர் மூச்சு வாங்குகிறது.

பில் போட உட்கார்ந்தேன்.
பேர்? என்றேன், தெரிந்தே.
அடிபொலி பாய்ஸ்.
பேனா ளி போடத்தான் கிளம்பியது.
பிடித்துத் திருப்பினேன்.
அறுநூறு கொடுத்தான்.
மிச்சம் இருபத்துநாலை எண்ணி வைத்துவிட்டு
'சனிக்கிழமை ஜெயிக்கணும், கேட்டோ' என்றேன்.

மயிலானந்த் அப்போதுதான் ஃபோனைவிட்டு நிமிர்ந்தான்.
'அட, அக்காவும் இதெல்லாம்
பேச ஆரம்பிச்சாச்சா?'