அறுபத்தொன்றாம் பக்கம்

எனக்கு வந்தது நாலாவது படி.
அதற்குள் கார்பன் களைத்துப்போயிருந்தது.
பனிமூட்டத்தில் பேருந்துக்கு நிற்பவர்கள்போல
எழுத்துகளுக்குத் தோள்மட்டும் தெரிந்தது.

ஃபயீனா அதை முட்டைக்கோஸுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள்.
"ரெண்டே ராத்திரி, தாஸ்யா. சனிக்கிழமை காலையில வேணும்."
பெர்ம் நகரம், எழுபத்தாறாம் வருடம்,
காமா நதி அந்த முறை அக்டோபரிலேயே கெட்டிப்பட்டுவிட்டது.
எந்திரத்துக்கு அடியில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டேன்.
சுவருக்கு அப்பால் குடியிருந்தவர்
தூக்கத்தில்கூட எண்ணக்கூடியவர்.

கதையில் ஒரு கப்பல் முந்நூறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறது.
வாரம் தவறாமல் பூமிக்கு அறிக்கை அனுப்புகிறார்கள்.
பதில் இல்லை.
அனுப்புவதை நிறுத்தலாமா என்று கேட்கவும்
ஒரு படிவம் இருக்கிறது.
அதையும் அனுப்பியிருக்கிறார்கள்.

எழுதியவர் ஆவெனீர் பெலநோகவ்.
ஆற்றுப் பனிக்கட்டியின் கனம் அளப்பது அவர் உத்தியோகம்.
மாஸ்கோவுக்கு அனுப்பிவைத்தார். கடிதம் வந்தது:
'இருபத்துமூன்றாம் நூற்றாண்டில்
ஒரு மெக்கானிக் எதற்காக வருத்தப்பட வேண்டும்?'
வருத்தத்தை அடித்துவிட்டுப் பல்வலி என்று மாற்றினார்.
அடுத்த கடிதம்:
'அந்த நூற்றாண்டிலும் பல்வலி இருக்குமென்று
தோழர் கருதுகிறாரா?'
மூன்றாம் முறை கடிதமே இல்லை.
கட்டு மட்டும் திரும்பி வந்தது, ஒரு தாள் குறைவாக.

அவர் போன பிறகு
அண்ணன் மனைவி அறையை ஒழித்தாள்.
இருபது கிலோ பழைய தாள் போட்டால் ஒரு சீட்டு,
சீட்டைக் காட்டினால் கெட்டி அட்டையில் ஒரு நாவல்:
அப்போது ஊரே தராசும் கையுமாக அலைந்தது.
அவர் ஆயுளில் எழுதியது மொத்தம் பதினொரு கிலோ.
மிச்சத்துக்கு செய்தித்தாளை வைத்துக் கட்டினாள்.
கிடைத்தது பிரெஞ்சு வாள்சண்டைக் கதை.
நன்றாக இருந்ததாம்.

அறுபதாம் பக்கம் இப்படி முடிகிறது:
'அவன் கதவைத் திறந்தபோது அங்கே'
அறுபத்திரண்டு இப்படித் தொடங்குகிறது:
'என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தான்.'

நான் ரொட்டி ஆலையில் கணக்குப் பார்ப்பவள்.
குறைகிற ஒற்றைக் கோபெக்கைத் தேடாமல்
எனக்குத் தூக்கம் வராது.
வெள்ளி பின்னிரவு மூன்று மணி.
சமையலறைக் குழாய் வழக்கம்போல் சொட்டிக்கொண்டிருந்தது.
வெற்றுத்தாளைச் செருகினேன்.
கப்பலில் ஒரு குழாய் சொட்டியது.
மெக்கானிக் அதற்கு அடியில் பாத்திரம் வைத்தான்.
திருகைக் கையில் எடுத்தவன் கீழே வைத்தான்.
நூற்றுப்பன்னிரண்டு சொட்டு எண்ணினான்.
'வீட்டிலும் இப்படித்தான் கேட்கும்'
அதற்குமேல் எனக்கு ஓடவில்லை.
நல்லவேளை, பக்கமும் முடிந்திருந்தது.
ஃபயீனாவிடம் சொல்லவில்லை.

தொண்ணூற்று மூன்று. ரயில் நிலைய வாசல்.
மடக்குக்கட்டிலில் வாழைப்பழம், காலுறை,
பளபளக்கும் அட்டையில் அயல்நாட்டு டிராகன்கள்.
எல்லாவற்றுக்கும் அடியில் சாம்பல் தாளில் பெலநோகவ்.
மூவாயிரம் பிரதி. பதிப்பகம் அதோடு மூடிவிட்டது.
"அதையா கேக்கிறீங்க?" என்றான் பையன்,
"டிராகன் ஒண்ணு வாங்குங்க, அதைச் சும்மாவே தரேன்."

நின்றபடியே புரட்டினேன்.
இந்த அச்சில் அது நாற்பத்துநாலாம் பக்கம்.
சொட்டுகிறது.
நூற்றுப்பன்னிரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை.
முன்னுரையில் யாரோ ஒரு பேராசிரியர்
அந்தக் குழாயைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்:
ஆசிரியரின் கைரேகை படிந்த இடமாம்.

டிராகனையும் வாங்கினேன்.
ஃபயீனா ஹைஃபாவுக்குப் போய் இரண்டு வருடம்.
கதவைத் திறந்தபோது அங்கே என்ன இருந்தது?
தெரிந்த ஒரே மனிதர் மண்ணுக்குள்.
அந்தத் தாள் அரைபட்டு முட்டை அட்டையாகியிருக்கும்,
இல்லை, யாரோ ஒரு குழந்தை அதன்மேல்
பெருக்கல் கணக்குப் போட்டிருக்கும், தப்பாக.

எங்கள் வீட்டுக் குழாயை
எண்பத்தொன்றிலேயே மாற்றிவிட்டார்கள்.