தலை கடைசியில்

கவிழும்போது முதலில் போவது பாலம்.
கல்லடிப் பாலத்தின் இரும்பு
பக்கவாட்டில் சரிந்து தண்ணீருக்குள் விழும்.
மறுகா காது.
காதுக்குள் வாவி.

பாசிக்குடா ஹோட்டலொன்று கழித்துவிட்ட
செம்மஞ்சள் கயாக்.
தர்சாந்தியும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம்.
தண்ணீர் உள்ளே வராமல்
இடுப்பைச் சுற்றி மாட்டும் ரெக்சின் பாவாடையைத்
தைத்துத் தந்த காத்தான்குடி நவ்சாத்
"இது மனிசருக்கா, தோணிக்கா?" என்றார்.
இரண்டுக்கும் என்றேன்.
அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி
எங்கே தொடங்குவதென்று கொஞ்சம் நின்றார்.

தாங்குவது எனக்கு வரும்.
தண்ணீர் ஒரு தட்டுக்குத் தாங்கும்,
ஒரே ஒரு தட்டு.
முழங்கை மேலே, மணிக்கட்டு கீழே,
துடுப்பின் முதுகால் பட்டென்று அடி,
அந்தக் கணத்துக்குள் இடுப்பால் படகை இழுத்துக்கொள்.
இரண்டாவது தட்டுக்கு அதே தண்ணீர் வெறும் தண்ணீர்.
கை தோளுக்கு மேல் போகக்கூடாது.
போன மாசியில் போனது.
தோள் கழன்று, ஆஸ்பத்திரி வாங்கில்
ஈர உடுப்போடு ஒன்றரை மணித்தியாலம்.

உருள்வதுதான் வரவில்லை.
தலைகீழாய்த் தொங்கி,
மூக்கை மேல்தட்டோடு ஒட்டி,
துடுப்பை நீர்மட்டத்தில் அகல வீசி,
வலது முழங்காலால் படகை மேலே தூக்கி.
எல்லாம் தெரியும்.
கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.
ஏழாம் தரமும்
பாவாடை வளையத்தை இழுத்து
வெளியே வந்தேன்,
மூக்கெல்லாம் உப்பு, தொடையில் சொறிமுட்டை கீறிய தடம்.

இடுப்பளவு தண்ணீரில் நின்ற தர்சாந்தி சொன்னாள்:
"உண்ட தலதான் முதல் வருது கா.
மூச்சுக்கு அவ்வளவு அவசரமா?"
அவசரம்தான்.
நான் கணக்காய்வாளர்,
தலையை வைத்துப் பிழைக்கிறவள்.
அதைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு
இடுப்பை முதலில் கரைசேர்க்க
எந்தக் கணக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒபிஸ்ல போன் கதைக்கிறாய்தானே,
ரெண்டு கையாலயும் கோப்பு புரட்டிக்கொண்டு?
அப்படி வை."

எட்டாம் தரம்.
பாலம் விழுந்தது. காதில் வாவி.
பச்சை இருட்டில், வலக் காதைத்
தோளோடு இறுக்கி அழுத்தினேன்.
யாரோ மறுமுனையில்
மட்டக்களப்பு முழுவதன் மீதித்தொகையை
மெதுவாய் வாசிக்கிறார்கள், குறுக்கிடக்கூடாது.
முழங்கால் தூக்கியது.
இடுப்பு கிறுகியது.
துடுப்பு, ஒரு பொய்க்கு மட்டும் சாட்சி நின்றதுபோல்,
பாரமே இல்லாமல் வந்தது.
முதலில் படகு. மறுகா வயிறு. மறுகா தோள்.
எல்லாரும் ஏறி முடிந்த பிறகு
கடைசி ஆளாய்த் தலை,
இன்னும் காதைத் தோளில் வைத்தபடி.

பாலம் தன் இடத்தில் நின்றது.
அதன்மேல் ஓர் ஆட்டோ ஹோர்ன் அடித்துப் போனது.
தர்சாந்தி கத்தினாள்: "ஆரு கா லைன்ல?"
பதில் சொல்ல வாய் திறந்தேன்,
அரை வாவி வெளியே வந்தது.

இடப்பக்கம் இன்னும் வரவில்லை.
அந்தக் காதில்
நான் போன் கதைப்பதில்லை.