தூசி எழும்பாமல்

மூன்று வாரம் மண்ணுக்குள் கிடந்தன.
உடும்பு தோண்டாமலிருக்க
மேலே கிழிந்த மீன்வலை, நாலு செங்கல்.
எறும்பு தின்றது போக மிச்சத்தை
வாசல் குழாயில் பீய்ச்சிக் கழுவியபோது
அடுத்த வீட்டு ரொஸ்னா சன்னலைச் சாத்தினாள்.
கோபித்துக்கொள்ள முடியாது.
ஊத்தான் மெலிந்தாங் முழுக்க
செம்பனை ஆலையின் புளித்த புகை.
அதற்கு மேல் என் சங்கு வாடை வேறு.

ஆறு சங்கு, உரித்த தேங்காய்ப் பருமன்.
பாகானில் ஹாருன் வலையில்
செத்து வந்தவற்றை மட்டுமே வாங்குவேன்.
போன மாதம் ஒன்று வாளிக்குள்
வரிவரியாய் அகலக் கால் நீட்டியது.
பன்னிரண்டு ரிங்கிட் கொடுத்து
அவன் கையாலேயே திரும்ப வீசச் சொன்னேன்.
கடலுக்கே மீன் வாங்கித் தருகிற ஆள்
நீதானக்கா என்று சிரித்தான்.

ஆறும் மேசை விளக்காக வேண்டுமாம்
தெலுக் இந்தான் பரிசுக்கடை சியூ லானுக்கு.
"வெள்ளையா வேணும், பல்லு மாதிரி."

இரும்புக்கடை ஆ கியாட்
கீழ்த்தட்டிலிருந்து அமிலப் போத்தலை எடுத்தான்.
"ரெண்டே நிமிசம், எல்லாத்தையும் தின்னுடும்."
அதில் மண்டையோட்டுப் படம்.
எனக்குப் பழகின முகம்.
பதினெட்டு வருசம்
முதுகில் சுமந்திருக்கிறேன் அதை.

பெரட்டு கலைந்ததும் தோம்படியில் வரிசை.
நீல மருந்து, பதினாறு லிட்டர் பம்பு.
பம்பு தோட்டத்தினுடையது.
முகத்தில் கட்டிய துண்டு எங்களுடையது.
காற்று திரும்பியதை
நாக்குதான் முதலில் சொல்லும்.
பாக்கியவதிக்கு இரண்டு நகம் கழன்று விழுந்தபோது
மண்டோர் கேட்டார்:
"எந்தக் கையி? பம்பு அடிக்கிற கையா?"

அமிலம் வேண்டாம் என்றேன்.
குளோரக்ஸ் ஒன்று, மணல்தாள் நாலு ரகம்,
முழங்கை வரைக்கும் கையுறை,
இரு கன்னத்திலும் உருண்டை வடிகட்டி வைத்த
முகமூடி.
நாற்பத்தெட்டு ரிங்கிட்.
நோட்டை எண்ணும்போது கை நின்றுவிட்டது.
விலை அதிகமென்று நினைத்து
மூன்று ரிங்கிட் குறைத்தான் ஆ கியாட்.
அவனிடம் எப்படிச் சொல்ல,
இவ்வளவுதானா என்றுதான்
நான் நின்றேன்.

குளோரக்ஸில் தண்ணீர் கலந்து
வெட்டவெளியில்தான் ஊறவைத்தேன்.
அந்த வாளிக்குள் வேறெந்த மருந்தும் போகாது.
அலசி, பழைய திருப்புளியால்
ஒட்டிக் கிடந்த கொட்டலசைப் பெயர்த்து
பிறகு அண்டாவில் முக்கியபடியே தேய்த்தல்.
காய்ந்த சங்கின் பொடி கண்ணுக்குத் தெரியாது.
நெஞ்சுக்குத் தெரியும்.
தண்ணீருக்குள் மணல்தாள் போகிற சத்தம்
யாரோ அரிசி களைவதுபோல.
இருநூற்றிருபது. நானூறு.
எண்ணூறில் பழுப்புத் தோல் விலகி
உள்ளே பப்பாளி நிறம் வந்தது.
அங்கேயே நிறுத்திவிட்டேன்.
பல் நிறம் வேண்டுமென்றால்
சியூ லான் பல்லையே வாங்கிக்கொள்ளட்டும்.

மெருகுக்குக் குழந்தைக்குத் தடவும் எண்ணெய்.
ஊரையே நனைக்கிற செம்பனை எண்ணெய்
இதற்கு ஆகாது. நாளானால் சிக்கடிக்கும்.

நாலு மணிக்குப் பாக்கியவதி வந்தாள்.
படியேற மூன்று தரம் நின்றாள்.
"என்னாடி, ஆனை வேசம்?"
முகமூடியைக் கழற்றாமல் சிரித்தேன்.
கண்ணாடியில் பனி மூடியது.
இன்னொன்று வாங்கிவைத்திருந்தேன் அவளுக்கு.
உறையைப் பிரித்து வாரை இழுத்துப் பார்த்தாள்.
"இனிமே இதுல எதடி வடிகட்டுறது."
மடியில் வைத்துக்கொண்டாள். போடவில்லை.
திருப்பியும் தரவில்லை.
அவள் நாற்காலியை
காற்றுக்கு மேல்பக்கமாய் இழுத்துப் போட்டேன்.
தூசிதான் இல்லையே என்றாள்.
இருக்கட்டும் என்றேன்.

அண்டா நிறைய வெள்ளைத் தண்ணீர்,
அந்தக் காலத்துப் பால்வாளி மாதிரி.
நிறுக்க எந்தக் கிராணியும் வரப்போவதில்லை.
வாழைக்கடியில் ஊற்றினேன்.
பாக்கியவதி இருமிக்கொண்டே
இன்னும் ரெண்டு சங்கு பாக்கியிருக்கே என்றாள்.