பதினோரு யூனிட்

முப்பது ரூபாய் டிக்கெட்.
கேமரா என்றால் இன்னும் ஐம்பது.
பதினாறு வருஷம் இந்த வீட்டுக்குள்
சும்மா நுழைந்தவள் நான்,
இரண்டு மாதத்துக்கு ஒரு தரம்
டார்ச்சும் ரீடிங் நோட்டுமாக.

கடலூர் முதுநகரில்
எல்லா வீடும் தெருவைப் பார்க்கும்.
எத்திராஜுலு கட்டிய வீடு
உப்பனாற்றைப் பார்க்கும்.
தெருவுக்கு முதுகு.
ஊர் வைத்த பெயர் எதிர்ராஜுலு.
போஸ்ட்மேன் சகதிக் காலோடு
சுற்றி வந்துதான் கடிதம் கொடுப்பார்.

இந்த ஆளை நம்பிக் காசு கொடுத்தவர்களும் இருந்தார்கள்.
மஞ்சக்குப்பத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரி,
வாசலே ஒரு கடைவாய்.
தேவனாம்பட்டினம் போகும் வழியில்
கடலைப் பார்த்து ஒரு நிழற்குடை;
முதுகுக்குப் பின்னால் பஸ் போய்விடும்.
நானும் ஒரு தரம் தவறவிட்டேன்.
திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண மண்டபம்.
பன்னிரண்டு தூணில் மூன்று தரையைத் தொடாது.
பந்தியில் இருப்பவர்கள்
சாம்பார் ஆறுவது தெரியாமல் அண்ணாந்து பார்ப்பார்கள்.
காலையில் அங்கே போய்விட்டுத்தான் வந்தேன்.
இப்போது அது டைல்ஸ் கடை.
தொங்கும் தூண்களுக்கு அடியில்
செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்,
பாவம், பயந்துபோய்.

இங்கே படிகள் ஒன்றுக்கொன்று சேராது.
ஒன்று முழங்கால் உயரம்,
அடுத்தது விரற்கடை.
"ஏறுகிறோம் என்று தெரிந்து ஏற வேண்டும்,
அதுதான் சாரின் தத்துவம்"
வழிகாட்டும் பையன் மனப்பாடமாக ஒப்பிக்கிறான்.
என்னிடம் சார் சொன்னது வேறு:
"மேஸ்திரி குடிச்சிருந்தான்மா."

இருபத்து மூன்றாம் எண்.
தலைப்பில்லை.
சிமெண்ட், பித்தளை, நீலக் கண்ணாடி.
மனிதன் மண்ணுக்குத் திரும்புவதைக் குறிக்கிறது
என்று அட்டை சொல்கிறது.
தரையில் ஓர் ஆள் படுக்கும் பள்ளம்.
வரிசையில் நின்று, படுத்து,
படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

படிக்கட்டுக்கு அடியில்
மல்லாந்து படுத்தால் மட்டும் எண் தெரிகிற மாதிரி
மீட்டரை வைத்திருந்தார் அந்த மனுஷன்.
"சேலை கட்டின பொம்பளை சார் நான்.
இன்னொரு தரம் இப்படின்னா
ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துருவேன்."
சரிம்மா, மாத்திடறேன் என்றார்.
அடுத்த ரீடிங்குக்குப் போனால்
மீட்டர் அங்கேயேதான்.
அடியில் இந்தப் பள்ளம்.
தலைக்கு ஒரு மேடு.
இடது பக்கம் பேனா வைக்க ஒரு குழி.
நான் இடதுகைக்காரி.
ஐந்தடி ஒரு அங்குலம்.
யாரைக் கேட்டு அளந்தாரோ.

திட்டிக்கொண்டே படுத்தேன்.
சனியன், மே மாதத்தில் அப்படி ஒரு குளிர்ச்சி.
மீட்டருக்குப் பக்கத்தில்
ஒரு நீலச் சில்லு பதித்திருந்தார்.
ஆற்று வெளிச்சம் அதில் நுழைந்து
என் புடவையெல்லாம் ஆடியது.
எண்ணை எழுத அரை நிமிஷம் போதும்.
ஒரு நாளும் அரை நிமிஷத்தில் எழுந்ததில்லை.

எப்போதும் எழுபது, எண்பது யூனிட்.
கடைசி வருஷம் நாற்பது.
பிறகு இருபத்தெட்டு.
பிறகு பதினொன்று.
நூறு வரை இலவசம், பில் பூஜ்யம்,
கம்ப்யூட்டருக்கு அதில் சந்தேகம் வராது.
"ஃபேன் போடறதில்லையா சார்?"
"சத்தமா இருக்கு."
அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.
இன்னும் எண்பது வீடு பாக்கி இருந்தது.

என் முறை வந்தது.
ரிட்டையர் ஆன இடுப்பு பள்ளத்தில் இடிக்கிறது.
மீட்டரைக் கழற்றிவிட்டு
பெயின்ட்டில் எண் எழுதியிருக்கிறார்கள்,
அழகுக்காக நாலு எட்டு.
ஏழாயிரத்து நூற்று அறுபத்து மூன்று தம்பி,
கடைசி ரீடிங் நான் எழுதினது, என்றேன்.
"அது ஆர்ட், மேடம்" என்றான்.
பின்னால் நின்ற பெண்
முடிஞ்சுதா ஆன்ட்டி என்றாள்.

இடது கை தானாகத் தேடிப் போனது.
பேனாக் குழியில்
யாரோ சாக்லேட் தாளைச் செருகியிருந்தார்கள்.
எடுத்து, மடித்து,
பையில் போட்டுக்கொண்டேன்.