புதன், மூன்றாம் பாடவேளை

யோயன்சூ நகரப் பள்ளி ஒன்றில்
கால அட்டவணை போடுவது என் வேலை.
கணக்குக்கு ஒரு கட்டம், மரவேலைக்கு ஒரு கட்டம்.
புதன் மூன்றாம் வேளைக்கு மட்டும்
ஒரே கட்டத்தை நாலாகக் கிழிக்க வேண்டும்.

ஐந்தாம் வகுப்பு காலுறையோடு கலைந்து போகும்.
பதினான்கு பேர் பிர்க்கோவிடம், லூத்தரன் பாடத்துக்கு.
மூவர், பள்ளி பள்ளியாகக் கார் ஓட்டி வரும்
ஆர்த்தடாக்ஸ் ஆசிரியையிடம்;
அவள் கோட்டில் எப்போதும் மெழுகு வாசனை.
நால்வர் அப்திரிசாக்கிடம், இஸ்லாம் படிக்க.
ஐவர், மதம் சேராத அறநெறிக்கு:
அங்கே தாபானி பதில் சொல்வதில்லை,
கேள்வியைக் கேள்வியாகவே திருப்பிக் கொடுப்பான்.

கதவுகள் சாத்தியதும்
நடைவழியில் பூட்ஸ் மட்டும்
இன்னார் என்று தெரியாமல்
ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும்.

பிப்ரவரியில் ஒருநாள்
மிஸ்காவின் இடது பூட்ஸைக் காணோம்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
யாரும் வாய் திறக்கவில்லை.
எவரோ விட்டுப்போன பெரிய ரப்பர் காலணியில்
தத்தித் தத்தி வீடு போனான் பையன்.

மறு புதன் நாலு அறையிலும் பூட்ஸ்தான் பாடம்.
பிர்க்கோ ஏழாம் கட்டளையை எடுத்தாள்.
அப்திரிசாக் அடுத்தவர் உரிமையைப் பேசினான்.
மன்னிப்புக் கேட்பதற்கென்றே
எங்களுக்கு ஒரு ஞாயிறு உண்டு என்றாள் கார்க்காரி.
தாபானி கேட்டானாம்:
"எடுத்தவருக்குக் கால் குளிருமா?"

வியாழனன்று பூட்ஸ் திரும்பியிருந்தது.
முன்பு அறுந்து தொங்கிய கயிற்றுக்குப் பதில்
ஊதாக் கயிறு ஒன்று கோத்திருந்தது.
ஆசிரியர் அறையில் நால்வரும்
காப்பிக் கோப்பைக்குள் தனித்தனியே சிரித்துக்கொண்டார்கள்.
நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம்தான்.

அந்த ஊதா எனக்குத் தெரியும்.
இங்கெரி. வகுப்பின் இருபத்தேழாவது பெயர்.
அவள் வீட்டார் கும்பிடும் வழியில்
இந்தப் பள்ளியில் அவள் ஒருத்தி;
மூவர் சேர்ந்தால்தான் ஆசிரியர் வருவார்.
வேறு அறை வேண்டாமென்று ஒரு வரிக் கடிதம்.
ஆகவே அந்த வேளையில்
நடைவழி பெஞ்சில் அவளை உட்காரவைத்தது
நான்தான்.
நாலு கதவின் குரலும் மங்கலாய்க் கேட்கும் இடம்.
எதிரே இருபத்தாறு ஜோடி பூட்ஸ்.

இன்று அவள் இடது பூட்ஸைப்
பொட்டலச் சணல் இழுத்துப் பிடித்திருக்கிறது.
நான் திட்டவில்லை. கூப்பிட்டுப் பேசவும் இல்லை.
அடுத்த ஆண்டின் வெற்று அட்டவணை மேசையில் கிடக்கிறது.
பென்சிலைச் சீவுகிறேன்.
மறுபடியும் சீவுகிறேன்.