பதினேழாம் பிரதி

ஹோபார்ட் துறைமுகத்துக்குப் பின்னால்
ஆப்பிள் அடைத்து வைத்த பழைய கிடங்கு.
எட்டு ஓவியர்களுக்கு ஒரே கழுவுதொட்டி.
செவ்வாயும் வியாழனும் என் முறை.

திரையில் பூசிய ஒளிப்பசை உலரும்வரை
இருட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுவேன்:
தாள் ஒன்று ஆறு டாலர்,
மை டப்பா நாற்பத்திரண்டு,
கடல் இலவசம்.

கெல்ப் காடு ஒன்றை வரைந்திருந்தேன்.
முப்பது மீட்டர் எழும்பி
மேலே வந்ததும் படுத்துக்கொண்டு
வெயிலை வடிகட்டும் பாசிக் காடு.
நான் அதைப் பார்த்ததில்லை.
அருங்காட்சியக இழுப்பறையில்
காய்ந்து ஒட்டிக் கிடந்த ஓர் இலையும்,
'படகு சிக்கும், விலகிப் போ' என்று
புள்ளி புள்ளியாய் எச்சரித்த
பழைய மாலுமி வரைபடமும்
ஆளுக்குப் பாதியாகத் தந்த காடு.

மஞ்சள், கறுப்பு, ஒரு சொட்டுச் சிவப்பு.
கலக்கக் கலக்க
தேநீர் ஆறிப்போன நிறம் வந்தது.

திட்டம் எளிது.
ஒரு திரை, நாற்பது பிரதி,
இடையில் ஒருமுறைகூடக் கழுவுவதில்லை.
நீர் மை வலைக்கண்ணில் காயும்,
காய்ந்த கண் அடைபடும்,
அடைபட்ட இடம் தாளில் விழாது.
ஒன்றிலிருந்து நாற்பதுக்குள்
காடு மெல்ல மெல்ல,
நாகரிகமாக,
மங்கி மறையும் என்று
விண்ணப்பத்தில் எழுதி
நிதியும் வாங்கியாயிற்று.

அன்று ஜனவரி. முப்பத்தெட்டு டிகிரி.
மின்விசிறியை நிறுத்தினேன். தாள் பறக்கிறதே.
ரப்பர் பட்டையை இழுத்தேன், தூக்கினேன், இழுத்தேன்.
பதினொன்றுவரை ஒரு நரம்பும் குறையவில்லை.
பன்னிரண்டில் பாதிக் காடு இல்லை.
தாளைத் திருப்பிப் பார்த்தேன்,
பின்பக்கம் ஒளிந்திருக்கும் என்பதுபோல.
பதின்மூன்றில் அடித்தண்டுகள்.
பதினேழில் இடது ஓரம் ஒரே ஓர் இழை.
பிறகு வெறும் தாள்,
இருபத்துமூன்று வெறும் தாள்.
விடாமல் அச்சடித்தேன்.
வாக்குக் கொடுத்தது நாற்பது.

சனிக்கிழமை கதவு திறந்து வைத்தோம்.
கம்பியில் நாற்பதும் வரிசையாகத் தொங்கின.
ஒரு பெண் முதல் பிரதியின் முன் நின்று
குளியலறைச் சுவருக்குப் பொருந்துமா என்றாள்.
பொருந்தும் என்றேன்.

டார்சி வந்தது மூன்று மணிக்கு.
முன்பு அபலோனி எடுத்தவன்,
இப்போது கடல்முள்ளெலி உடைக்கிறவன்.
வடக்கே சூடேறிய நீரோட்டத்தோடு
இறங்கி வந்து, இருந்ததை மேய்ந்து,
பாறையை மொட்டையடித்த முள்ளெலிகள்.
அடியில் இறங்கிச் சுத்தியலால் அடிக்க
அரசு மணிக்கணக்கில் கூலி தருகிறது.
அவன் உள்ளங்கையில் முள் ஒடிந்த இடமெல்லாம்
கருநீலப் புள்ளி.
என் மையைவிட ஆழமான அச்சு.

முதல் பதினொன்றையும் நிற்காமல் கடந்தான்.
வெறும் தாள்களிடம் போய்
நெடுநேரம் நின்றான்.
"எல்லாம் ஒரே விலையா?"
"ஒரே தாள், ஒரே கை."
"எனக்கும் அப்படித்தான்.
காடு இருந்தாலும் பாறை இருந்தாலும்
மணிக்கு ஒரே காசு."

பிறகு பதினேழுக்குத் திரும்பி வந்தான்.
அந்த ஓரத்து இழையைத் தொடாமல் காட்டி
"இது எங்கேயென்று தெரியும்" என்றான்.
எந்த இடத்தையும் நான் வரையவில்லை
என்று சொல்ல வாய் திறந்தேன்.
ஈர நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தான்.
மூடிக்கொண்டேன்.

மாலை திரையைக் கழுவினேன்.
தொட்டிக் குழாய் ஆற்றுக்குப் போகிறது,
ஆறு அவனிடம் போகிறது.
அதனால் வாளியில் பிடித்தேன்,
நான்கு வாளி,
தேநீர் ஆறிப்போன தண்ணீர்.
எங்கே கொட்டுவதென்று இன்னும் தெரியவில்லை.
மேஜைக்கடியில் வரிசையாக இருக்கிறது,
நடக்கும்போது காலில் இடிக்கிறது.

தேய்த்துத் தேய்த்தும் வலையில் கறை போகவில்லை.
தொழிலில் அதற்குப் பேய் என்று பெயர்.
மை தாண்டிப் போகத் தடையில்லை,
தாளில் தெரியாது.
செவ்வாய்க்கிழமை அதே திரையில்
பள்ளிச் சந்தைக்கு ஒரு போஸ்டர் அடித்தேன்.
கேக், பலூன், குதிரைக்குட்டி சவாரி.
இருநூறு பிரதி, பழுதில்லை.
திரையைத் தூக்கி ஜன்னலில் சாய்த்தபோதுதான்
பலூன்களுக்குப் பின்னால்
தரையிலிருந்து கூரைவரை
அது நின்றது.