இருக்கைக்கு அடியில்

புல்வெட்டி வண்டி கிளம்பவில்லை என்றார் தொலைபேசியில்.
சாவியைத் திருப்பினால் டிக் என்றாவது?
அதுவும் இல்லை.
டிக் என்றால் பேட்டரியைச் சந்தேகிப்பேன்,
கடகடவென்றால் உப்புப் பூத்த முனைகளை.
ஒன்றுமே இல்லையென்றால்
எங்கோ ஒரு சுவிட்ச்
முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அயோவாவில் ஜூன் மாதம்.
லாய்ட் ஸ்டென்சல் வீட்டுப் புல்
அஞ்சல் பெட்டியின் இடுப்புவரை ஏறியிருந்தது.
வெட்டித் தருகிறோம் என்று
பக்கத்துப் பண்ணையார்கள் இரண்டு முறை கேட்டாயிற்றாம்.
"கேட்டதுதான் தப்பாகிப்போச்சு" என்றாள் ஆர்லின்,
கொசுவலைக் கதவுக்குப் பின்னால் நின்று.

அவர் பெல்ட்டில் புதிதாய் மூன்று ஓட்டைகள்,
ஆணியால் குத்தியவை, நேராகக்கூட இல்லை.
பார்த்தேன். பார்க்காததுபோல்
பேட்டரி மூடியைக் கழற்றினேன்.

பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட். குறையில்லை.
ஃப்யூஸ் உயிரோடு.
பிரேக் மிதியின் சுவிட்சில் சோதனை விளக்கு எரிந்தது.
கத்தியை ஓட்டும் மஞ்சள் குமிழ் அணைந்தே இருக்க
அங்கும் எரிந்தது.
ஒயர் கடிக்கும் எலியைத் தேடிக் கைவிட்டேன்:
பழைய கூடு, சூரியகாந்தித் தோல்கள்.
எலி எப்போதோ வீடு மாறிவிட்டது.

அலுத்துப்போய்
நானே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.
முதல் சுற்றிலேயே பற்றிக்கொண்டது.

"உனக்குப் பயப்படுது" என்று சிரித்தார்.
இறங்கினேன். அவர் ஏறினார்.
சாவி திரும்பியது. ஒன்றுமில்லை.
மறுபடி நான். உறுமல்.
மறுபடி அவர்.

இருக்கைக்கு அடியில்
நெல்லிக்காய் அளவில் ஒரு கறுப்புப் பித்தான்.
அதற்குத் தெரிந்தது ஒரே கேள்வி:
ஆள் உண்டா, இல்லையா?
லாய்ட் இருந்தார்,
கழற்ற மறந்த மருத்துவமனைப் பட்டையோடு,
மிதியில் காலை ஊன்றி,
தொப்பியைச் சரிசெய்துகொண்டு.
அது இல்லை என்றது.

மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.
ஆர்லின் உள்ளே போய்
எதற்கோ குழாயைத் திறந்துவிட்டாள்.

"அந்த ரெண்டு ஒயரையும் முறுக்கி விடேன்,
எல்லாரும் செய்யறதுதானே."
செய்வதுதான். இரண்டு நிமிட வேலை.
அப்படி முறுக்கிய ஒரு வண்டி
ஈரச் சரிவில் என் அண்ணன் விழுந்த பிறகும்
ஓய்வின்றி அவனை நோக்கி வந்தது.
இடதுகாலில் அவனுக்கு இப்போது இரண்டு விரல்கள்.
அதைச் சொல்லவில்லை.
"மாட்டேன்" என்றேன்.
"அப்போ நான் தின்னு பெருக்கணுமா?"
"அதுவும் நடக்கட்டும்."

இருக்கையைக் கவிழ்த்தேன்.
தடித்த இரண்டு சுருள்வில்கள்,
நூறு கிலோ ஆளை நம்பிப் பூட்டியவை.
எந்த வண்டியின் மிச்சமோ, வேனில் ஒரு டப்பாவில்
மெலிந்த ஜோடி கிடந்தது. மாட்டினேன்.
பித்தானுக்கு அடியில் ஒரு வாஷர்.
போதவில்லை. இன்னொன்று.

"ஏறுங்க."
இருமியது, கறுப்பாய் ஒரு வாய்ப் புகை கக்கியது, பிடித்தது.
"பிரேக்கிலிருந்து காலை எடுத்துட்டு லேசா எழும்புங்க."
எழும்பினார். அணைந்தது.
"இன்னொரு தரம்."
அணைந்தது.
நின்றுபோன எஞ்சினுக்கு
நான் கைதட்டியது அன்றுதான்.

கருவிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
தூரத்தில், ஆப்பிள் மரத்துப் பக்கம்
சத்தம் சட்டென்று நின்றது.
கதவைத் தள்ளிக்கொண்டு ஆர்லின் ஓடினாள்,
கையில் சொட்டும் தட்டு.
நானும், ஸ்பானரோடு.

லாய்ட் புல்லில் குனிந்திருந்தார்.
காற்று ஒடித்த கிளையொன்றை
இழுத்து வேலியோரம் போட்டார்,
மூச்சு வாங்க நின்றார்,
எங்களைப் பார்த்து
என்ன என்பதுபோல் கையை விரித்தார்.

பிறகு ஏறி அமர்ந்தார்.
சாவியைத் தொடும் முன்
இருக்கையில் ஒருமுறை
அழுந்த அசைந்துகொண்டார்.